கண் இமையில் மஞ்சள் திட்டு: லேசருக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க் இருக்கு. போன்ல செல்ஃபி கேமராவை ஆன் பண்ணுங்க. பைக் ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க இப்ப வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். மத்தவங்க ஒரு கண்ணை மூடிட்டு, மூக்குக்குப் பக்கத்துல இருக்கிற இமை மூலையைப் பாருங்க. அங்க மஞ்சளா, வெண்ணெயைத் தடவி விட்ட மாதிரி ஒரு திட்டு இருக்கா? உங்களுக்கு இல்லைன்னாலும் அப்பா, அம்மா, சித்தி, மாமா யாருக்காவது பாத்த ஞாபகம் இருக்கா?

அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம். இதுக்கு மருத்துவப் பேர் ஸாந்தெலாஸ்மா. கிரேக்க மொழியில 'மஞ்சள்', 'தட்டின உலோகத் தகடு'ன்னு அர்த்தம் வர்ற ரெண்டு வார்த்தையைச் சேர்த்து வெச்ச பேர். நம்ம ஊர்ல சாதாரணமா 'கண்ணுல கொழுப்பு'ன்னு சொல்லுவாங்க. 'அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி, கண்ணுலயே தெரியுது'ன்னு கிண்டலும் பண்ணுவாங்க.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இது வலிக்காது, அரிக்காது, மத்தவங்களுக்கு ஒட்டிக்காது, புற்றுநோயும் கிடையாது. பார்வையையும் பொதுவா பாதிக்காது. அப்புறம் எதுக்கு ஒரு முழு எபிசோடு? ஏன்னா நிறைய பேர் இதை வெறும் அழகுப் பிரச்சினையா மட்டும் பாக்குறாங்க. கன்சீலர் போடுறாங்க, லேசர்ல எடுக்குறாங்க, விஷயம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. ஆனா அந்தத் திட்டு ஒரு நோட்டீஸ் மாதிரி. நோட்டீஸைக் கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிக்கணும் இல்லையா?

தோலுக்குள்ள என்ன நடக்குது?

உடம்புலயே ரொம்ப மெல்லிசான தோல் கண் இமையிலதான் இருக்கு. ரத்தத்துல ஓடுற கொலஸ்ட்ரால் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு தோலோட உள் அடுக்குக்கு வருது. அங்க மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல் இருக்கு. சுத்தம் பண்றதுதான் அதோட வேலை. வந்த கொழுப்பை அது விழுங்குது. விழுங்கி விழுங்கி, ஒரு கட்டத்துல சோப்பு நுரை மாதிரி உப்பிடுது. மைக்ராஸ்கோப்ல பாத்தா நிஜமாவே நுரை மாதிரி தெரியறதால இதுக்கு 'நுரைச் செல்'னே பேர். இந்த நுரைச் செல்கள் கூட்டமா தங்கிடும்போது, வெளியில மஞ்சள் திட்டாத் தெரியுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்கள்ல அடைப்பு உருவாகும்போதும் ஆரம்பத்துல நடக்கிறது கிட்டத்தட்ட இதேதான். குழாய்ச் சுவருக்குள்ள கொழுப்பு போகுது, மேக்ரோஃபேஜ் விழுங்குது, நுரைச் செல் ஆகுது. இமையில நடந்தா கண்ணாடியில பாத்துடலாம். ரத்தக்குழாய்ல நடந்தா எந்த செல்ஃபியிலயும் தெரியாது.

ஏன் குறிப்பா கண் இமையில வருது? நாம கண்ணை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை சிமிட்டுறோம். அந்த அசைவுல சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வழியா கசிவு அதிகமாகலாம்னு ஒரு விளக்கம் இருக்கு. பெரும்பாலும் மேல் இமையோட உள் மூலையிலதான் ஆரம்பிக்கும். ரெண்டு கண்ணுலயும் ஜோடியா வர்றதும் சகஜம். பொதுவா நடுத்தர வயசுல வரும், ஆனா இருபதுகள்லயும் வரலாம். அப்படி இளம் வயசுல வந்தா கூடுதல் கவனம் வேணும். ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இடையில ஒரு சுவாரஸ்யம். லியனார்டோ டாவின்சி 1500-களோட ஆரம்பத்துல வரைஞ்ச மோனாலிசா ஓவியத்தை எல்லாரும் அந்தச் சிரிப்புக்காகப் பாப்பாங்க. சில மருத்துவர்கள் அவங்க இடது கண்ணோட மேல் இமையைப் பாத்தாங்க. உள் மூலையில மஞ்சளா ஒரு சின்னத் திட்டு மாதிரி தெரியுது, இது ஸாந்தெலாஸ்மாவா இருக்கலாம்னு 2004-ல ஒரு மருத்துவ இதழ்ல எழுதினாங்க. ஓவியத்தை வெச்சு யாருக்கும் ரிப்போர்ட் கொடுக்க முடியாதுதான். ஆனா 500 வருஷத்துக்கு முன்னாடி லேப் கிடையாது, இன்னைக்கு நம்ம தெருமுனையிலயே இருக்கு.

'எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்தானே!'

இந்த விஷயத்துல அதிகமா வர்ற கேள்வி இதுதான். 'டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல்னு வந்துச்சு. அப்ப ஏன் இது வந்துச்சு?'

நியாயமான கேள்வி. இந்தத் திட்டு இருக்கிறவங்கள்ல சுமாரா பாதிப் பேருக்கு ரத்தத்துல கொழுப்பு அளவு நார்மலாத்தான் இருக்கும். அதனால திட்டைப் பாத்த உடனே 'ஐயோ, எனக்கு ஹார்ட் பிளாக்'னு பதற வேண்டாம். அதே நேரம், மீதி பாதிப் பேருக்கு அளவு சரியில்லைன்னும் இதுக்கு அர்த்தம். நாம எந்தப் பாதியில இருக்கோம்னு கண்ணாடி சொல்லாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

அளவு நார்மலா இருந்தா முழுசா மறந்துடலாமா? இங்க டென்மார்க்ல நடந்த ஒரு ஆய்வைச் சொல்லணும். கோபன்ஹேகன் நகரத்துல 1976-ல இருந்து 1978 வரைக்கும் 12,745 பேரைச் சேர்த்தாங்க. ஒவ்வொருத்தர் கண்ணையும் பாத்துக் குறிச்சுக்கிட்டாங்க. 4.4 சதவீதம் பேருக்கு இந்தத் திட்டு இருந்துச்சு. அப்புறம் 2009 வரைக்கும், சராசரியா 22 வருஷம், அவங்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 2011-ல முடிவு வெளியாச்சு. திட்டு இருந்தவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு, இல்லாதவங்களைவிட 48 சதவீதம் அதிகம். கொலஸ்ட்ரால், புகை, பிளட் பிரஷர், உடல் எடை மாதிரியான காரணங்களை எல்லாம் கணக்குல கழிச்ச பிறகும் இந்த வித்தியாசம் நின்னுது.

இந்த 48-ஐக் கேட்டுப் பயந்துடாதீங்க. 'நூத்துல 48 பேருக்கு மாரடைப்பு வரும்'னு இதுக்கு அர்த்தம் இல்ல. உதாரணத்துக்கு, ஒருத்தருக்கு அடுத்த பத்து வருஷத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு நூத்துக்கு 2-ன்னு வெச்சுக்குங்க. அது சுமாரா 3 ஆகுது, அவ்ளோதான். ஆனா அவருக்கு சிகரெட், சுகர், பிரஷர் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே நூத்துக்கு 20-ன்னு இருந்தா, அது 30 பக்கம் போகுது. அப்போ அது சின்ன விஷயம் இல்ல. அதனால ரிப்போர்ட் நார்மலா இருந்தாலும் டாக்டர்கிட்ட 'என் இமையில இது இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

அதே ஆய்வுல இன்னொண்ணையும் பாத்தாங்க. சிலருக்குக் கருவிழியைச் சுத்தி சாம்பல் கலந்த வெள்ளை வளையம் இருக்கும், தாத்தா பாட்டி கண்ணுல பாத்திருப்பீங்க. அதை மட்டும் தனியா வெச்சு மாரடைப்பைக் கணிக்க முடியலைன்னு தெரிஞ்சுது. வயசானவங்களுக்கு அது சகஜம். ஆனா 45 வயசுக்குள்ள அந்த வளையம் வந்தா, அதுவும் டெஸ்ட் எடுக்க ஒரு காரணம்தான்.

குடும்பத்துல ஓடுற கொலஸ்ட்ரால்

இளம் வயசுல வந்தா ஏன் கூடுதல் கவனம்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு வருவோம்.

கல்லீரல் செல்கள் மேல எல்.டி.எல். ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கு. கதவுன்னு வெச்சுக்குங்க. 'கெட்ட கொலஸ்ட்ரால்'னு நாம சொல்ற எல்.டி.எல்., ரத்தத்துல இருந்து அந்தக் கதவு வழியாத்தான் கல்லீரலுக்குள்ள போய் வெளியேறுது. இதைக் கண்டுபிடிச்ச மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985-ல நோபல் பரிசு கிடைச்சுது.

சிலருக்குப் பிறவியிலேயே மரபணுல ஒரு மாற்றம் இருக்கும். அவங்களுக்கு அந்தக் கதவுகள்ல ஏறக்குறைய பாதி சரியா வேலை செய்யாது. அதனால குழந்தையா இருக்கும்போதே எல்.டி.எல். அதிகமா இருக்கும். சுமாரா 250 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்குன்னு கணக்கிடுறாங்க. ஒரு பெரிய கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேர் சாப்பிட்டா, அதுல நாலு பேர். ஒல்லியா இருப்பாங்க, ஜிம்முக்குப் போவாங்க, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே மாட்டாங்க. இருந்தாலும் எல்.டி.எல். 190-ஐத் தாண்டி நிக்கும்.

இதுல ஆபத்து என்னன்னா, முப்பது வயசுக்காரருக்கு முப்பது வருஷமா கொழுப்பு குழாய்ச் சுவர்ல படிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும். சிகிச்சை எடுக்காத ஆண்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 50 வயசுக்குள்ள இதயப் பிரச்சினை வந்துடுது. பெண்களுக்கு அது கொஞ்சம் தள்ளி வருது. 'நல்லாத்தான் இருந்தாரு, நாப்பத்திரண்டு வயசுல திடீர்னு போயிட்டாரு'ன்னு உங்க குடும்பத்துலயும் ஒரு கதை இருக்கலாம். அதை விதின்னு விட்டுடாதீங்க. அது மரபணுவாவும் இருக்கலாம்.

இமைத் திட்டு இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. ஆனா இளம் வயசுல திட்டு, எல்.டி.எல். 190-க்கு மேல, ரத்த சொந்தத்துல யாருக்காவது சின்ன வயசு மாரடைப்பு, இந்த மூணுல ரெண்டு சேர்ந்து வந்தாலே டாக்டர்கிட்ட வெளிப்படையா இதைக் கேட்டுடுங்க. குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநார் தடிமனா, கட்டி கட்டியா இருந்தா அது இன்னும் வலுவான அறிகுறி. ஒருத்தருக்கு உறுதியாச்சுன்னா, கூடப் பிறந்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும். அதனால ஒருத்தர் கண்ணுல வந்த திட்டால ஒரு குடும்பமே தப்பிக்கலாம்.

சரி, என்ன டெஸ்ட்?

லேப்ல போய் 'லிப்பிட் ப்ரொஃபைல்'னு கேளுங்க. சில நூறு ரூபாய்தான் ஆகும். டோட்டல் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு, இந்த நாலும் அதுல வரும். வெறும் வயித்துலதான் எடுக்கணும்னு முன்னெல்லாம் கட்டாயமா சொல்லுவாங்க. இப்ப முதல் டெஸ்டை சாப்பிட்டுட்டும் எடுக்கலாம். ட்ரைகிளிசரைடு ரொம்ப அதிகமா வந்தா மட்டும் வெறும் வயித்துல திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க.

கூடவே சுகர், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட டெஸ்டுகளையும் டாக்டர் எழுதலாம். தைராய்டு சுரப்பு குறைஞ்சாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அப்போ தைராய்டைச் சரி பண்ணினாலே கொலஸ்ட்ராலும் இறங்க வாய்ப்பு இருக்கு.

இந்திய இதயவியல் சங்கம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்லுது தெரியுமா? முதல் லிப்பிட் ப்ரொஃபைலை 18 வயசுலயே எடுக்கணும்னு சொல்லுது. குடும்பத்துல பிரச்சினை இருந்தா அதுக்கும் முன்னாடியே. காரணம் இருக்கு. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு, மத்த நாட்டுக்காரங்களைவிட அஞ்சாறு வருஷம் முன்னாடியே வர்றதாப் பல நாடுகள்ல நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டுச்சு. இதைக் கேக்குற உங்களுக்கு 25, 30 வயசு ஆகி, இன்னும் ஒரு தடவைகூட இந்த டெஸ்ட் எடுக்கலைன்னா, இமையில திட்டு இல்லைன்னாலும் எடுத்துடுங்க.

லிப்போபுரோட்டீன் ஏ-ன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு. அது பெரும்பாலும் மரபணுவால முடிவாகிற அளவு, டயட்டால பெருசா மாறாது. வாழ்க்கையில ஒரு தடவையாவது அதைப் பாக்கணும்னும் அதே வழிகாட்டுதல் சொல்லுது.

எல்லா மஞ்சளும் இது இல்ல

கண்ணைச் சுத்தி வர்ற எல்லாமே கொழுப்பு கிடையாது. வெள்ளையா, கடுகு மாதிரி உருண்டையா, கெட்டியா இருந்தா அது மிலியாவா இருக்கலாம். கீழ் இமைக்குக் கீழ, தோல் நிறத்துலயே சின்னச் சின்னப் பருக்கள் மாதிரி கூட்டமா இருந்தா அது வேர்வைச் சுரப்பி சம்பந்தப்பட்டது. ரெண்டும் ஆபத்து இல்லாதது.

ஆனா கட்டியா, கெட்டியா, வேகமா வளர்ந்தா, புண்ணாகி ரத்தம் கசிஞ்சா, அந்த இடத்துல இமை முடி கொட்டினா, இல்ல ஒரே இடத்துல கண்கட்டி மாதிரி திரும்பத் திரும்ப வந்தா தள்ளிப் போடாம கண் டாக்டரைப் பாருங்க. இமையில இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள்ல வர்ற புற்றுநோய் சில நேரம் சாதாரணக் கட்டி மாதிரியே ஏமாத்தும். அதுவும் மஞ்சளாத் தெரியலாம். சின்னதா ஒரு சதைப் பரிசோதனை செஞ்சா தெரிஞ்சுடும்.

எடுத்துடலாமா?

எடுக்கலாம். வேண்டாம்னாலும் விட்டுடலாம். மருத்துவ ரீதியா எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா தினமும் வீடியோ கால்ல உட்கார்ற ஒருத்தருக்கு அது உறுத்தலா இருந்தா, அந்த உறுத்தலும் நியாயமானதுதான். 'வயசுப் பையனுக்கு இதெல்லாம் தேவையா'ன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க.

வழிகள் நிறைய இருக்கு. கார்பன் டை ஆக்சைடு லேசர், ரேடியோ அலையால சுட்டு எடுக்கிறது, ஆசிட் வெச்சு உரிக்கிறது, குளிர்ல உறைய வெக்கிறது, பெருசா இருந்தா அறுவை சிகிச்சை. எது உங்களுக்குப் பொருந்தும்னு திட்டோட அளவு, ஆழம், இடத்தைப் பாத்து தோல் டாக்டரோ கண் இமை அறுவை சிகிச்சை நிபுணரோ சொல்லுவாங்க. பார்லர்ல செய்ய வேண்டிய வேலை இல்ல இது.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்குங்க. முதல் விஷயம், இது திரும்ப வரலாம். 1976-ல வெளியான ஒரு ஆய்வுல, முதல் தடவை அறுவை சிகிச்சை செஞ்சவங்கள்ல 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துச்சு. ரெண்டாவது தடவை எடுத்தவங்களுக்கு அது 60 சதவீதம். இன்னைக்கு முறைகள் மாறியிருக்கு, ஆனா 'கேரண்டியா வராது'ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் யோசிங்க. ரெண்டாவது விஷயம், நம்ம மாதிரி மாநிறமும் கருப்புமான தோல்ல, எடுத்த இடம் கருத்துப் போகவோ வெளுத்துப் போகவோ வாய்ப்பு அதிகம். மஞ்சள் திட்டு போய் வெள்ளைத் திட்டு வந்தா வருத்தம்தான் மிஞ்சும். அதனால 'என் நிறத் தோல்ல எவ்வளவு பேருக்குச் செஞ்சிருக்கீங்க, படம் காட்டுங்க'ன்னு கேக்குறதுல தப்பே இல்ல.

அப்புறம் வீட்டு வைத்தியம். பூண்டை அரைச்சு இமையில வெச்சா கரைஞ்சுடும்னு நிறைய ரீல்ஸ் ஓடுது. தயவுசெஞ்சு செய்யாதீங்க. பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுப் புண்ணாக்கும், அதுவும் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்துல. மரு எடுக்கிற க்ரீம்னு ஆன்லைன்ல விக்கிறதும் அப்படித்தான். சிலதுல தோலை அரிக்கிற ஆசிட் இருக்கும். விளக்கெண்ணெய் தடவினா சுடாது, ஆனா தோலுக்குள்ள செல்லுக்குள்ள இருக்கிற கொழுப்பை அது கரைக்கும்னு எந்த ஆதாரமும் இல்ல.

சாப்பாடும் மாத்திரையும்

கொலஸ்ட்ரால் அதிகம்னு வந்தா, நம்ம ஊர்ல முதல் பழி முட்டை மேலதான் விழும். உண்மையில எல்.டி.எல்.-ஐ அதிகமா ஏத்துறது நிறைவுற்ற கொழுப்பு. நெய், வெண்ணெய், வனஸ்பதி, கொழுப்போட இருக்கிற ஆட்டுக்கறி, பாமாயில்ல பொரிச்ச பஜ்ஜி, பேக்கரி பஃப்ஸ், இதுலதான் அது நிறைய. தேங்காய் எண்ணெயிலயும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புதான்.

எண்ணெய் பாக்கெட்ல 'கொலஸ்ட்ரால் இல்லாதது'ன்னு இதயப் படத்தோட போட்டிருக்கும், பாத்திருப்பீங்க. கொலஸ்ட்ரால் விலங்குகள்ல இருந்து வர்ற உணவுலதான் கணக்குல எடுக்கிற அளவுக்கு இருக்கும். தாவர எண்ணெய் எதை வாங்கினாலும் அந்த வாசகம் பொருந்தும். பாக்கெட்டைத் திருப்பி, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவுன்னு பாருங்க.

பருப்பு, சுண்டல், ஓட்ஸ், வெண்டைக்காய், கொய்யா இதுல இருக்கிற கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.-ஐக் குறைக்க உதவும். சிகரெட்டை விடறதும், தினமும் வேகமா நடக்கிறதும் இதயத்துக்கு நேரடி லாபம்.

மரபணுப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு டயட் மட்டும் போதாது, மாத்திரை வேணும். ஸ்டாட்டின் மாத்திரைகள் 1987-ல இருந்து விற்பனையில இருக்கு, இவ்வளவு ஆராயப்பட்ட மருந்துகள் குறைவு. சிலருக்கு உடம்பு வலி வரலாம். அப்போ நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொன்னா, அளவை மாத்துவாங்க, இல்ல வேற மருந்து தருவாங்க. குழந்தை பெத்துக்கத் திட்டமிடுற பெண்கள் அதை முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

மாத்திரை சாப்பிட்டா இமைத் திட்டு மறையுமா? சிலருக்குச் சுருங்கலாம், பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். 'ஆறு மாசமா சாப்பிடுறேன், திட்டு போகலை, மருந்து வேலை செய்யலை'ன்னு நிறுத்திடாதீங்க. மருந்து வேலை செய்யுதான்னு இமை சொல்லாது, அடுத்த ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

சுருக்கமாச் சொன்னா, வரிசை இதுதான். முதல்ல ரத்தப் பரிசோதனை, அடுத்து டாக்டர், கடைசியா, உங்களுக்கு வேணும்னா, லேசர். வரிசையை மாத்தாதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது அப்பா, அம்மா இமையையும் ஒரு பார்வை பாத்துடுங்க. திட்டு இருந்தா பயமுறுத்தாம, 'நாளைக்கு லேபுக்குப் போலாம், நானும் எடுத்துக்கிறேன்'னு சொல்லிப் பாருங்க. தனியாப் போகச் சொன்னா தள்ளிப் போடுவாங்க, கூடப் போனா கிளம்பிடுவாங்க.

இது பொதுவான தகவல்தான், உங்க டாக்டரோட ஆலோசனைக்கு மாற்று கிடையாது. கேள்விகள் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நாமளே எப்படிப் படிக்கிறது, எந்த எண்ணைப் பாத்துப் பதற வேண்டாம்னு பேசலாம். அதுவரைக்கும் உடம்பைப் பாத்துக்குங்க.